வாரநாளில் சட்டமன்றம், வார இறுதியில் சீருடை: அமெரிக்க மாநில உறுப்பினர்–இராணுவ வழக்கறிஞர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அரசியல்வாதிகளின் வாழ்க்கைக் குறிப்புகளைப் புரட்டினால் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: மாநிலச் சட்டமன்றத்தில் பல ஆண்டுகள், கூடவே நேஷனல் கார்டு என்ற பகுதிநேர மாநிலப் படையில் ‘ஜாக்’ அதிகாரி, அதாவது இராணுவ வழக்கறிஞர். முழுநேரப் பட்டாளத்தில் இருப்பவர் தேர்தலில் நிற்கவே முடியாத நாட்டிலிருந்து பார்க்கும் நமக்கு இது புதிராக இருக்கும். அந்த ஒரு வரிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்பதற்கான பதில்கள் இவை.

ஜாக் என்பவர் நீதிபதியா, வக்கீலா?

வக்கீல்தான். ‘ஜட்ஜ் அட்வகேட்’ என்ற பழைய பதவிப் பெயரில் ‘ஜட்ஜ்’ ஒட்டிக்கொண்டிருப்பதால் வரும் குழப்பம் இது. இராணுவ நீதிபதிகளும் இதே பிரிவிலிருந்துதான் வருகிறார்கள் என்றாலும், பெரும்பாலோர் அரசுத் தரப்பிலோ குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பிலோ வாதாடுபவர்கள், கட்டளை அதிகாரிக்கு ஆலோசனை சொல்பவர்கள், சிப்பாய்க்கு உயில் எழுதித் தருபவர்கள். 1775 ஜூலை 29 அன்று பாஸ்டன் வழக்கறிஞர் வில்லியம் டியூடர், ஜார்ஜ் வாஷிங்டனின் படைக்கு நியமிக்கப்பட்டார். தரைப்படையின் ஜாக் பிரிவு அந்த நாளைத்தான் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. விமானப்படை 1949இலும் கடற்படை 1967இலும் தமக்கென்று பிரிவு வைத்துக்கொண்டன. மரைன் படையில் தனிப் பிரிவே இல்லை. அங்கே வக்கீலும் முதலில் மரைன், பிறகுதான் வக்கீல்.

எப்படிச் சேர்கிறார்கள்?

அங்கீகாரம் பெற்ற சட்டக் கல்லூரியில் பட்டம் வாங்க வேண்டும். ஏதாவது ஒரு மாநிலத்தின் பார் தேர்வில் தேறி உரிமம் வைத்திருக்க வேண்டும். அதன்பின் தேர்வுக் குழுவின் முன் விண்ணப்பம், மருத்துவப் பரிசோதனை, பின்னணி விசாரணை. சட்டப் படிப்புக்கான மதிப்பாகத் தரைப்படையில் முதல் லெப்டினன்ட் தரத்திலேயே தொடங்குவார்கள். கேப்டன் ஆவதற்கு நெடுநாள் ஆகாது.

சட்டப் பயிற்சிக்குத் தரைப்படையினர் வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில்லில் உள்ள ஜாக் பள்ளிக்குப் போவார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் அந்தப் பள்ளியில் பாடம் சுமார் 10 வாரம். விமானப்படைக்கு அலபாமாவின் மேக்ஸ்வெல் தளம், கடற்படைக்கு ரோட் ஐலண்டின் நியூபோர்ட். வகுப்பில் உட்கார்ந்து படிப்பதோடு துப்பாக்கி, வரைபடம், உடற்தகுதி எல்லாம் உண்டு. வக்கீல் என்பதற்காக ஓட்டத்தில் சலுகை கிடையாது.

சரி, ஒரே ஆள் இரண்டு வேலையும் எப்படிப் பார்க்கிறார்?

முழுநேரப் படையில் இருந்துகொண்டு பார்ப்பதில்லை. ரிசர்வ் (கூட்டாட்சியின் பகுதிநேரப் படை), நேஷனல் கார்டு என்ற இரண்டு பகுதிநேர ஏற்பாடுகள்தான் இந்த இரட்டை வாழ்க்கையைச் சாத்தியமாக்குகின்றன. மாதம் ஒரு வார இறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம் என்பது கணக்கு. ஒரு வார இறுதியில் நான்கு ‘டிரில்’. ஒவ்வொன்றும் குறைந்தது 4 மணி நேரம். ஒரு டிரிலுக்கு மாத அடிப்படைச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு தருவார்கள். அதாவது சனி, ஞாயிறு வேலை செய்தால் நான்கு நாள் சம்பளம்.

மறுபக்கம், பல மாநிலச் சட்டமன்றங்களும் பகுதிநேரம்தான். டெக்சாஸில் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 140 நாள்; சம்பளம் மாதம் 600 டாலர். நியூ ஹாம்ப்ஷயரில் ஆண்டுக்கு வெறும் 100 டாலர். வட கரோலைனாவில் சாதாரண உறுப்பினரின் ஆண்டுச் சம்பளம் 13,951 டாலர். இந்தப் பணத்தில் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே உறுப்பினருக்கு வேறு தொழில் இருந்தே ஆக வேண்டும்; வக்கீல் தொழில் அதற்குத் தோதானது. கலிஃபோர்னியா மாதிரி முழுநேரச் சட்டமன்றம் உள்ள மாநிலங்கள் குறைவு.

உண்மையான நெருக்கடி ஜனவரியிலிருந்து மே வரை. கூட்டத்தொடரின் கடைசி வாரங்களில் சனிக்கிழமையும் அவை கூடும். அதே சனிக்கிழமை டிரில் இருக்கும். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் வேறு நாளில் அந்த டிரிலை ஈடுசெய்ய அனுமதிப்பார்கள். கேட்காமல் விட்டால் ‘அனுமதியின்றி வரவில்லை’ என்று பதிவாகும். 12 மாதத்தில் அப்படி ஒன்பது டிரில் சேர்ந்தால் பங்கேற்பு திருப்தியற்றது என்று நடவடிக்கை தொடங்கலாம். ஒரு வார இறுதிக்கு நான்கு என்பதால், இரண்டு வார இறுதியும் ஒரு காலைப்பொழுதும் போனாலே ஒன்பது வந்துவிடும்.

ஒருவர் இரண்டு பதவி வகிக்கக் கூடாது என்று அரசியலமைப்புகள் சொல்வதில்லையா?

சொல்கின்றன. பெரும்பாலான மாநில அரசியலமைப்புகளில் இரட்டைப் பதவித் தடை இருக்கிறது; அதே வாக்கியத்திலோ அடுத்ததிலோ மக்கள்படை (நேஷனல் கார்டின் பழைய வடிவம்) அதிகாரிகளுக்கு விலக்கும் இருக்கும். தென் கரோலைனா நல்ல உதாரணம்: மக்கள்படை அதிகாரி, நோட்டரி, தீயணைப்புப் படையினர் போன்றோரை அந்தத் தடை தொடாது. ஊரில் படித்தவர் நாலு பேர் இருந்த காலத்தில் அவர்களேதான் சட்டமன்றத்துக்கும் போக வேண்டும், மக்கள்படைக்கும் தலைமை தாங்க வேண்டும். அந்தக் காலத்தின் மிச்சம் இது.

கூட்டாட்சிச் சட்டமும் தன் பங்குக்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பு, 973ஆம் பிரிவு. முழுநேரப் படை அதிகாரி மாநிலத்தில் குடிமைப் பதவி எதையும் வகிக்க முடியாது. ரிசர்வ் அதிகாரிக்கு அந்தக் கட்டுப்பாடு, 270 நாளுக்கு மேற்பட்ட முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டால் மட்டுமே வரும். அப்போதும் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு: மாநிலச் சட்டம் தடுக்காமல், படைப் பணிக்கும் இடையூறு இல்லாவிட்டால், அவர் பதவியைத் தக்கவைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் அதிகாரத்தைச் செலுத்தக் கூடாது. நாற்காலி அவருடையது, வாக்கு கிடையாது.

இதில் பலர் தடுக்கி விழுவார்கள். வெளிநாட்டு முகாமில் இருந்துகொண்டு தொகுதி மக்களுக்குச் சட்டமன்ற முகவரித்தாளில் கடிதம் அனுப்புவது, உதவியாளர் மூலம் மசோதாவில் பெயர் சேர்ப்பது, இவையெல்லாம் ‘அதிகாரத்தைச் செலுத்துவது’ என்ற கேள்விக்குள் வந்துவிடும். புறப்படும் முன் படைத் தரப்பின் நெறிமுறை ஆலோசகரிடம் எழுத்தில் கருத்துப் பெறுவதுதான் வழி. ஐடஹோவில் உறுப்பினர் தற்காலிகமாக வர முடியாதபோது பதிலாள் ஒருவரை உட்கார வைக்கும் வழக்கம் உண்டு; அந்த வசதி இல்லாத இடங்களில் தொகுதிக்குக் குரலே இருக்காது.

நேஷனல் கார்டில் இவருக்கு மேலதிகாரி யார்?

எந்த நிலையில் பணியாற்றுகிறார் என்பதைப் பொறுத்தது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது.

கார்டு வீரர் மூன்று நிலைகளில் இருக்கலாம். முதலாவது மாநிலப் பணி: ஆளுநர் உத்தரவு, மாநிலப் பணம். வெள்ளம், காட்டுத்தீக்கு வருவது பெரும்பாலும் இப்படி. இரண்டாவது 32ஆம் தலைப்பின் கீழ்: கட்டளை ஆளுநருடையது, பணம் வாஷிங்டனுடையது. மாதாந்திர டிரில் இந்த வகை. மூன்றாவது 10ஆம் தலைப்பின் கீழ்: கட்டளையும் பணமும் கூட்டாட்சியுடையவை. ஈராக், ஆப்கானிஸ்தான் போனது இதில். (தமிழ்நாட்டு வாசகருக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சித் தலைவர். நம் முதல்வரோடு ஒப்பிடுங்கள், ராஜ்பவனோடு அல்ல.)

ஆக, செவ்வாய்க்கிழமை ஆளுநரின் வீட்டோவை முறியடிக்க வாக்களித்த உறுப்பினர், சனிக்கிழமை அதே ஆளுநரின் கட்டளைச் சங்கிலியில் கீழ்ப்படியில் நிற்பார். மாநிலப் படைத் தலைவரான அட்ஜுடன்ட் ஜெனரல் தன் துறை நிதிக்காக அவைக் குழுவின் முன் வந்து நிற்கும்போது, அந்தக் குழுவில் அவருக்குக் கீழே பணியாற்றும் மேஜர் உட்கார்ந்திருக்கலாம். தென் கரோலைனாவில் இதற்கு மேலும் ஒரு சுற்று: அங்கே அட்ஜுடன்ட் ஜெனரலையே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். நாட்டிலேயே அப்படி இருந்த ஒரே மாநிலம். 2014 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த பிறகுதான் அது ஆளுநர் நியமனமாக மாறியது.

நிலை மாறும்போது சட்டமும் மாறும். 1950இல் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டு 1951 மே 31 முதல் நடைமுறைக்கு வந்த இராணுவ நீதிக்கான பொதுச் சட்டம், கார்டு வீரரை மூன்றாவது நிலையில் மட்டுமே கட்டுப்படுத்தும். மற்ற இரண்டு நிலைகளிலும் செல்லுபடியாவது அந்தந்த மாநிலத்தின் இராணுவ நீதிச் சட்டம். அதை இயற்றுவது யார்? மாநிலச் சட்டமன்றம். அவையில் இருக்கும் ஜாக் அதிகாரி, தான் வார இறுதியில் நடைமுறைப்படுத்தும் சட்டத்தைத் தானே திருத்தி எழுதும் இடத்தில் இருக்கிறார். அனுபவம் உள்ளவர் எழுதினால் சட்டம் ஓட்டையில்லாமல் வரும் என்பது உண்மை. அந்த மசோதா வரும்போது தன் பணியை அவையில் அறிவித்துவிட்டுப் பேசுவதும், படைப் பிரிவில் அதே விவகாரம் நிலுவையில் இருந்தால் கோப்பை வேறு ஜாக் அதிகாரியிடம் கொடுத்துவிடுவதும் நல்ல நடைமுறை.

வார இறுதியில் அப்படி என்ன வழக்கு வரும்?

சினிமாவில் வருவது மாதிரி கொலை வழக்கு வராது. பெரும்பகுதி காகித வேலை. வெளிநாடு புறப்படும் பிரிவுக்கு உயிலும் பவர் பத்திரமும் எழுதுவது: ஒரே நாளில் நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். இதில் வழக்கமான தவறு, ‘எல்லா அதிகாரமும்’ என்ற பொதுப் பவரைக் காதலிக்கோ புது மனைவிக்கோ கொடுத்துவிட்டுப் போவது. திரும்பி வரும்போது வங்கிக் கணக்கு துடைத்துக் கிடக்கும். காரை விற்கவா, வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவா என்று கேட்டு, அந்த ஒரு வேலைக்கு மட்டும், காலாவதித் தேதியோடு எழுதுவதே அனுபவசாலியின் கை.

படைக்கு அழைக்கப்படும் முன் வாங்கிய கடனுக்கு, பணிக்காலத்தில் வட்டி 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. தானாக நடக்காது. உத்தரவு நகலை இணைத்து வங்கிக்கு எழுத்தில் கேட்க வேண்டும். பணி முடிந்து 180 நாளுக்குள் கேட்டால் போதும். அழைப்புக்குப் பிறகு வாங்கிய கடனுக்கு இது பொருந்தாது என்பதை வீரர்கள் மறந்துவிடுவார்கள்.

டிரிலில் முழங்காலை உடைத்துக்கொண்டவரின் காயம் ‘பணியில் நேர்ந்தது’தானா என்ற விசாரணை இன்னொன்று. சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் அந்தத் தாள் முறையாகப் பூர்த்தியாகவில்லை என்றால் சிகிச்சைச் செலவும் ஊனத் தொகையும் பின்னாளில் நின்றுபோகும். வெள்ளப் பணியில் தெருவில் நிற்கும் வீரர் எப்போது பலம் பிரயோகிக்கலாம் என்பதை ஓர் அட்டையில் அடங்கும்படி எழுதிக் கொடுப்பதும் ஜாக்கின் வேலை. 1878இன் போசே கொமிட்டாட்டஸ் சட்டம் கூட்டாட்சிப் படையைக் காவல்துறை வேலையில் இறக்கத் தடை போடுகிறது. ஆளுநர் கட்டளையின் கீழ் இருக்கும் கார்டு வீரருக்கு அந்தத் தடை இல்லை.

இராணுவ நீதிமன்றம் எப்படி இயங்குகிறது?

கோர்ட் மார்ஷல் மூன்று வகை. சுருக்க வகையில் ஒரே ஓர் அதிகாரி விசாரிப்பார். சிறப்பு வகையில் நடுவர் குழு 4 பேர், சிறைத்தண்டனை அதிகபட்சம் ஓராண்டு. பொது வகையில் 8 பேர். மரண தண்டனை கோரும் வழக்கென்றால் 12. இந்த எண்ணிக்கைகள் 2019 ஜனவரி 1இலிருந்து. குற்றவாளி என்று தீர்க்க நான்கில் மூன்று பங்கு வாக்கு போதும் என்பது குடிமை நீதிமன்ற வக்கீல்களைத் திடுக்கிட வைக்கும்; மரண தண்டனைக்கு மட்டும் ஒருமித்த முடிவு தேவை.

வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்புவது வக்கீல் அல்ல, கட்டளை அதிகாரி. ஜாக் ஆலோசனைதான் சொல்வார். நெடுங்கால விமர்சனத்துக்குப் பிறகு, 2023 டிசம்பர் 28 முதல் பாலியல் வன்முறை, கொலை போன்ற குறிப்பிட்ட குற்றங்களில் அந்த முடிவு தனி வழக்குத்தொடுநர் அலுவலகத்துக்கு மாறியது.

ஒரு பெருமையும் சொல்லலாம்: விசாரிக்கப்படுபவரிடம் ‘பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு’ என்று சொல்லும் கடமை இராணுவச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் 1951லேயே வந்துவிட்டது. போலீசாருக்கு அதைக் கட்டாயமாக்கிய மிராண்டா தீர்ப்பு 1966இல்தான்.

இப்படி வாழ்ந்தவர் யாராவது?

டெட் லியூ. 1969இல் தைபேயில் பிறந்து, மூன்று வயதில் ஒஹையோவின் கிளீவ்லண்டுக்கு வந்தவர். பெற்றோர் சந்தைகளில் கடைபோட்டு விற்று, பிறகு பரிசுப்பொருள் கடை வைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் கணினியியலும் அரசியல் அறிவியலும், ஜார்ஜ்டவுனில் சட்டம். 1995 முதல் 1999 வரை விமானப்படையில் முழுநேர ஜாக். வட ஈராக்கிலிருந்து மீட்கப்பட்ட ஆயிரக்கணக்கான குர்துகளைக் குவாம் தீவில் தங்கவைத்த நடவடிக்கையில் பங்கு. அதன்பின் ரிசர்வ். அந்த ரிசர்வ் பணியோடு சேர்ந்தே அரசியல் ஓடியது: 2002இல் டாரன்ஸ் நகர்மன்றம், 2005 இடைத்தேர்தலில் கலிஃபோர்னியா கீழவை, 2011 இடைத்தேர்தலில் மேலவை. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் செயற்கை ஒளியில் சருமத்தைப் பழுப்பாக்கும் படுக்கைகளைப் பயன்படுத்தத் தடை (2011), சிறார்களின் பாலின ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைக்குத் தடை (2012) ஆகிய இரண்டும் அவர் கொண்டுவந்த சட்டங்கள். இரண்டாவது நீதிமன்றம் ஏறியது. ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் அதை உறுதிசெய்தது. 2015 ஜனவரியில் காங்கிரஸுக்கு, அதாவது வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார். படையிலிருந்து கர்னலாக ஓய்வு பெற்றது 2021இல்.

மாநில அவையில் ஏறத்தாழ பத்து ஆண்டு என்பது கலிஃபோர்னியாவில் நீண்ட சேவைதான். 1990இன் வாக்கெடுப்புப்படி கீழவையில் ஆறு ஆண்டு, மேலவையில் எட்டு ஆண்டுதான் ஒருவர் இருக்கலாம். 2012இல் அது மொத்தம் 12 ஆண்டு என்றானது. வரம்பில்லாத மாநிலங்களில் முப்பது, நாற்பது ஆண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. ஆகவே ‘நெடுங்கால உறுப்பினர்’ என்ற அடைமொழியை மாநிலத்தைப் பார்த்துத்தான் எடைபோட வேண்டும்.

ஜெஃப் ஜாக்சன் வேறு வழியில் வந்தவர். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சாதாரணச் சிப்பாயாகத் தரைப்படை ரிசர்வில் சேர்ந்து ஆப்கானிஸ்தான் போனார். ஜாக் ஆனது அதற்கும் சட்டப் படிப்புக்கும் பிறகு, வட கரோலைனா நேஷனல் கார்டில். 2014இல் மாநில மேலவைக்கு நியமிக்கப்பட்டு 2022 வரை இருந்தார். 2015 பிப்ரவரியில் பனிப்பொழிவு நாளில் அவைக்கு வந்த ஒரே உறுப்பினர் அவர்தான். ஆளில்லாத அவையில் ‘இந்த மசோதா நிறைவேறியது’ என்று அடுக்கடுக்காக இணையத்தில் வேடிக்கையாக அறிவித்து நாடு முழுக்கப் பேசப்பட்டார். 2024இல் மாநிலத் தலைமை வழக்கறிஞராகத் தேர்வானார்.

செனட்டராக அறியப்பட்ட லிண்ட்சி கிரஹாமும் இப்படித்தானே?

மாநில அவையில் அவர் இருந்தது ஒரே ஒரு தவணை, 1993 முதல் 1995 வரை. நெடுங்காலம் என்பது இராணுவ வழக்கறிஞர் பக்கம்தான். 1982இல் விமானப்படை. 1984இல் கஞ்சா குற்றச்சாட்டில் சிக்கிய ஒரு விமானிக்காக வாதாடினார். விமானப்படையின் சிறுநீர்ப் பரிசோதனை முறையிலேயே கோளாறு இருந்தது வெளிப்பட்டு, சிபிஎஸ் தொலைக்காட்சி வரை போனது. இன்றைக்கும் இந்த வகை வழக்கில் தற்காப்பு வக்கீல் முதலில் கேட்பது பரிசோதனை முடிவை அல்ல, புட்டி கைமாறிய பதிவேட்டை. மூடி முத்திரை, ஒட்டுச்சீட்டில் வீரரின் சுருக்கொப்பம், கண்காணித்தவர் பெயர், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தேதி. நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் வழக்கு ஆட்டம் காணும். அதன்பின் ஜெர்மனியின் ரைன்–மைன் தளத்தில் பணி, 1989இல் தென் கரோலைனா விமானக் கார்டு, பின்னர் ரிசர்வ். 2015இல் 33 ஆண்டு சேவையோடு கர்னலாக ஓய்வு.

அவர் பெயர் சட்டப் புத்தகத்தில் நிலைத்ததற்குக் காரணம் வேறு. செனட்டராக இருந்துகொண்டே விமானப்படைக் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் அமர்ந்தார். அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவு, கூட்டாட்சியில் பதவி வகிப்பவர் எவரும் காங்கிரஸில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்கிறது. 2006இல் லேன் வழக்கில், ஆயுதப் படைகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டும் ஒத்துப்போகாது என்று சொல்லி, அவர் பங்கேற்ற தீர்ப்பை ரத்து செய்து புதிய அமர்வுக்கு அனுப்பியது. அதற்கு முன் 1974இல், காங்கிரஸ் உறுப்பினர்கள் ரிசர்வில் இருப்பதையே எதிர்த்து வந்த வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. வழக்குப் போட்டவர்களுக்கு அதற்கான தகுதி இல்லை என்பதே காரணம், சரியா தவறா என்று சொல்லவில்லை. லேன் வழக்கில் தண்டிக்கப்பட்டவரே கேட்டதால் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அவரைக் கட்டுப்படுத்துவது அவர் மாநிலத்தின் அரசியலமைப்பு.

தேர்தல் பிரசாரத்தில் சீருடைப் படம் போடலாமா?

போடலாம், ஆனால் முதன்மைப் படமாக அல்ல. பாதுகாப்புத் துறையின் 1344.10 எண்ணிட்ட உத்தரவு (2008) சொல்வது இது: தரம், பிரிவு, பணி விவரம் குறிப்பிடலாம், ரிசர்வ் அல்லது கார்டு என்பதைத் தெளிவாக்க வேண்டும், பாதுகாப்புத் துறையின் ஆதரவு என்று பொருளாகாது என்ற வாசகம் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கட்சிக் கூட்டத்துக்குச் சீருடையில் போகக் கூடாது. டிரில் முடிந்து வரும் வழியில் அப்படியே ஒரு பிரசார நிகழ்ச்சிக்குள் நுழைந்து படம் எடுத்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் பிழை. காரில் மாற்றுச் சட்டை வைத்துக்கொள்பவர் பிழைப்பார்.

வக்கீல் அலுவலகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சீருடையில் இலவச ஆலோசனை சொன்ன வீரரை, அதே விவகாரத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு தன் சொந்த அலுவலகக் கட்சிக்காரராக ஏற்கக் கூடாது.

ஓய்வூதியம் எவ்வளவு?

புள்ளிக் கணக்கு. ஆண்டுக்கு 50 புள்ளி எடுத்தால்தான் அது ‘நல்ல ஆண்டு’. அப்படி 20 ஆண்டு வேண்டும். உறுப்பினராக இருப்பதற்கே 15, ஆண்டுக்கு 48 டிரிலுக்கு 48, இரண்டு வாரப் பயிற்சிக்குச் சுமார் 15: மொத்தம் 78. முழுநேரப் பணியில் நாளுக்கு ஒன்று.

நான்கு ஆண்டு முழுநேரம் (1,461), பதினெட்டு ஆண்டு ரிசர்வ் (1,404) என்றால் 2,865 புள்ளி. 360ஆல் வகுத்தால் 7.96 ஆண்டு, பழைய திட்டத்தில் ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் ஏறக்குறைய 19.9 சதவீதம். 2018இலிருந்து சேர்ந்தவர்களுக்குப் பெருக்கல் 2 சதவீதம்தான். கைக்கு வருவது 60 வயதில். 2008 ஜனவரி 28க்குப் பிறகு தகுதியுள்ள அழைப்புப் பணியில் கழித்த ஒவ்வொரு 90 நாளுக்கும் வயது மூன்று மாதம் முன்னே வரும். 50க்குக் கீழே போகாது.

இந்தியாவில் இப்படி முடியுமா?

இராணுவ வழக்கறிஞராக இருந்துகொண்டு முடியாது. 1950இன் இராணுவச் சட்டத்தின் கீழ் பணியில் உள்ளவருக்கு அரசியல் செயல்பாட்டில் கட்டுப்பாடு உண்டு. விலக்குப் பெற்ற ஒரு வாசல், டெரிட்டோரியல் ஆர்மி எனப்படும் பகுதிநேரப் பிராந்தியப் படை: சச்சின் பைலட் 2012இலும் அனுராக் தாக்கூர் 2016இலும் அதில் அதிகாரிகளானார்கள். பைலட் இன்று ராஜஸ்தான் சட்டமன்ற உறுப்பினர். அமெரிக்க ஏற்பாட்டுக்கு மிக நெருங்கிய உதாரணம் அவர்தான், வக்கீல் பகுதி மட்டும் இல்லை.

இந்தியத் தரைப்படையின் ஜாக் பிரிவில் சேர விரும்பும் சட்டப் பட்டதாரிக்கு 55 சதவீத மதிப்பெண், 21 முதல் 27 வயது, எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்முகம். பயிற்சி பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில், 49 வாரம். ஆண்களுக்கு ஆறு இடம், பெண்களுக்கு மூன்று என்று பிரித்திருந்ததை உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் செல்லாதென்றது.

ஒருவரின் சேவைக் குறிப்பை எப்படிச் சரிபார்ப்பது?

ஐந்து விவரம் தேடுங்கள்: எந்தப் படை, முழுநேரமா கார்டா ரிசர்வா, தொடங்கி முடிந்த தேதி, கடைசித் தரம், வெளிநாட்டுப் பணி உண்டா. ‘போர்க்காலத்தில் பணியாற்றியவர்’ என்பதும் ‘போர்க்களத்தில் பணியாற்றியவர்’ என்பதும் வேறு. வளைகுடாப் போரின்போது அழைக்கப்பட்டுத் தன் மாநிலத்தை விட்டே நகராத ஜாக் அதிகாரிகள் உண்டு. அவர்களும் சட்டப்படி பணியாற்றியவர்களே, ஆனால் சொல்லும் விதத்தில் கவனம் தேவை.

ஆவணத்தில் எல்லோரும் கேட்பது டிடி–214. அது முழுநேரப் பணியை விட்டு வரும்போது கொடுக்கும் தாள். இருபது ஆண்டு கார்டில் இருந்தவருக்கு ஆரம்பப் பயிற்சிக்கான ஒரே ஒரு டிடி–214 மட்டும் இருக்கலாம். முழுச் சேவையும் தெரிய வேண்டுமென்றால் என்ஜிபி–22 என்ற கார்டு விடுவிப்புத் தாளும் ஓய்வூதியப் புள்ளி அறிக்கையும் வேண்டும். கோரிக்கை எஸ்எஃப்–180 படிவத்தில், செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு. சேவையிலிருந்து விலகி 62 ஆண்டு கடந்தால் கோப்பு பொதுமக்களுக்குத் திறந்துவிடும். அதற்கு முன் குடும்பத்தினர் அல்லாதவர்களுக்கு அடிப்படை விவரம் மட்டும்.

பழைய தலைமுறை உறுப்பினர் என்றால் ஒன்றை எதிர்பார்த்திருங்கள். 1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தில் மூண்ட தீயில், 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. நகலும் இல்லை, நுண்படமும் இல்லை. ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று பதில் வந்தால் அவர் பணியாற்றவில்லை என்று பொருளல்ல. அடுத்து அந்த மாநில அட்ஜுடன்ட் ஜெனரல் அலுவலகத்தின் ஆண்டறிக்கைகள், அவைக் குறிப்பேட்டில் ‘இராணுவப் பணி காரணமாக விடுப்பு’ என்று பதிவான நாள்கள், மாநிலக் கருவூலத்தின் சம்பளப் பட்டியல் என்று இந்த வரிசையில் தேட வேண்டும்.